பாட்டின் வாலைப் படியுங்கள்: புதிய டிஜேக்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ புதிதாகப் பாட்டுக் கலக்கும் கன்ட்ரோலர் வாங்கிய ஒரு பையனின் பென் டிரைவை வாங்கிச் செருகிப் பாருங்கள். பாட்டுக்குப் பஞ்சமே இருக்காது. பெரும்பாலானவை யூடியூபிலிருந்து இறக்கியவை, மீதி ரேடியோவுக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட். ஒரு பாட்டு முடியப்போகிற நேரத்தில் அடுத்ததைக் கலக்கப் பார்ப்பான். அதற்குள் புதுப் பாட்டில் பாடகர் ஆரம்பித்திருப்பார், பழைய பாட்டிலும் ஆள் இன்னும் பாடி முடித்திருக்க மாட்டார். இரண்டு பேரும் சண்டை போடுவது மாதிரி கேட்கும். தனக்குக் கை பழகவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான். கோளாறு ஃபைலில் இருக்கிறது.

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் என்று இடிஎம்மில் (மின்னணுக் கருவிகளில் செய்யும் ஆட்ட இசை) எந்த வகையை எடுத்தாலும், ஒரு பாட்டு ஒரே வடிவத்தோடு நின்றுவிடுவது குறைவு. பெயர் ஒன்றாக இருக்கும், பக்கத்து அடைப்புக்குறிக்குள் வால் மாறும்: ரேடியோ எடிட், எக்ஸ்டெண்டட் மிக்ஸ், டப் மிக்ஸ், இன்னார் ரீமிக்ஸ், விஐபி. எந்த இடத்தில் ஓடுவதற்காக அதைச் செய்தார்கள் என்பது அந்த வாலில்தான் இருக்கிறது. நம்ம ஏரியாவுக்கு இது புதுச் சங்கதி இல்லை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாவில் ஒரு மெட்டு, இறந்தவர் பேரையும் தெருவையும் சொந்தபந்தங்களையும் ஏற்றிக்கொண்டு நீண்டுகொண்டே போகும். அதே மெட்டு மேடைக்கு வந்தால் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதலில் நீளம்

எந்தப் பாட்டானாலும் வாங்குவதற்கு முன் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ரேடியோ எடிட் என்றால் மூன்று, மூன்றரை நிமிடம். போட்டவுடன் மெட்டு, சீக்கிரமே குரல், ஒன்றிரண்டு டிராப் (அடங்கியிருந்த தாளம் முழு வேகத்தில் வந்து விழும் இடம்), முடிந்தது. பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்க நன்றாக இருக்கும். எக்ஸ்டெண்டட் மிக்ஸும் கிளப் மிக்ஸும் பொதுவாக ஐந்து நிமிடத்திலிருந்து ஏழெட்டு நிமிடம் வரை போகும். அதிகமாக இருக்கிற நிமிடங்கள் முன்னும் பின்னும் வெறும் தாளமாக இருக்கும். டிஜே கலப்பதற்கென்றே விட்டிருக்கிற இடம் அது.

ஒரிஜினல் மிக்ஸ் என்ற பெயர் புதியவர்களைக் குழப்பும். இசையமைத்தவரே செய்த வடிவம், வேறு ஆள் ரீமிக்ஸ் செய்ததல்ல, அவ்வளவுதான் அதற்குப் பொருள். டெக்னோ, டீப் ஹவுஸ் பக்கம் ஒரிஜினல் மிக்ஸே ஆறேழு நிமிடம் இருக்கும், கலப்பதற்கும் வசதியாக இருக்கும். பெரிய மேடை இடிஎம்மில் வால் எதுவும் இல்லாமல் வருவது குட்டைப் பாட்டு. நீளமானதற்கு எக்ஸ்டெண்டட் என்று தனியாகப் பெயர் வைப்பார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் நிமிடத்தையும் பாருங்கள்.

இந்த நீட்டல் வழக்கம் டிஸ்கோ காலத்தில் தொடங்கியது. 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்ட்டன் என்பவர் ஆடுவோருக்காகப் பாட்டுகளை நீட்டிக் கலந்துகொண்டிருந்தார். ஒருநாள் தட்டு வெட்டும் இடத்தில் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோக, இருந்த பெரிய தட்டில் வெட்டினார்கள். பள்ளங்களை அகலமாக விட இடம் கிடைத்ததால் சத்தம் கனமாக வந்தது. அந்த வழியில்தான் 12 அங்குல சிங்கிள் பிறந்தது. 1976இல் சால்சோல் என்ற இசைத்தட்டு நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ஒரு பாட்டை, டிஜே வால்டர் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டிய வடிவில், பொதுமக்கள் கடையில் வாங்கும் 12 அங்குலத் தட்டாகவே வெளியிட்டது. இன்று நீங்கள் இறக்குகிற எக்ஸ்டெண்டட் மிக்ஸ் அந்தத் தட்டின் பேரப்பிள்ளை.

ஒன்றைத் திறந்து பாருங்கள்

ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, வர்ச்சுவல் டிஜே என்று டிஜே மென்பொருள் எது கையில் இருக்கிறதோ அதில் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) ஹவுஸ் எக்ஸ்டெண்டட் மிக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள். பிளே அழுத்த வேண்டாம், அலைவடிவத்தை மட்டும் பாருங்கள். இடது ஓரத்தில் ஒல்லியாக, ஒரே சீராக நிற்கும் கோடுகள் கிக், அதாவது 'தும் தும்' என்கிற பெரிய டிரம் அடி. கொஞ்சம் தள்ளி அதன்மேல் மெல்லிய பூச்சு ஏறும், அது ஹை-ஹாட், 'ட்ஸ் ட்ஸ்' என்கிற சின்னத் தாளத்தட்டு. இன்னும் தள்ளிப் பட்டை தடிக்கிற இடத்தில் பேஸ், அதாவது அடிக்குரல் மெட்டு வருகிறது. இந்த மாற்றங்கள் கண்ட இடத்தில் வராது. பெரும்பாலும் 8, 16, 32 பார் கணக்கில்தான் வரும். ஒரு பாருக்கு நாலு அடி. 128 பிபிஎம்மில் 16 பார் என்றால் சரியாக 30 நொடி, 32 பார் என்றால் ஒரு நிமிடம்.

இப்போது பிளே செய்து விரல் விட்டு எண்ணுங்கள். 16 முடிந்து 17ஆவது பார் தொடங்கும்போது ஏதாவது ஒன்று சேரும் அல்லது விலகும். அந்த இடங்களில் ஹாட் க்யூ (ஒரே அழுத்தில் அங்கே தாவுவதற்கான அடையாளம்) போட்டுக்கொள்ளுங்கள்: பேஸ் நுழையும் இடம், குரல் தொடங்கும் இடம், கடைசியில் பேஸ் விலகும் இடம். மூன்று போதும். ஓடுகிற பாட்டில் பேஸ் விலகுகிற நேரத்துக்குப் புதுப் பாட்டில் பேஸ் நுழையும்படி கணக்குப் பண்ணித் தொடங்கினால், கலப்பில் பாதி வேலை தானாக முடிந்துவிடும். இரண்டு பேஸும் சேர்ந்து ஓடினால் பாக்ஸ் குழறும். அந்த நேரத்தில் ஒரு பக்கத்து லோ குமிழை (கனமான கீழ் ஒலியைக் கூட்டிக் குறைப்பது) இறக்கியே தீர வேண்டும்.

இதே பயிற்சியை ரேடியோ எடிட்டில் செய்து பாருங்கள். க்யூ போடுவதற்கே இடம் இருக்காது.

ஆளே மாறிப்போகும் வடிவங்கள்

ரீமிக்ஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது பழைய சினிமாப் பாட்டை வேறு குரலில் பாடவைத்து அடியை ஏற்றிய வடிவம்தான். இடிஎம்மில் ரீமிக்ஸ் செய்கிறவர் கையில், பெரும்பாலும் நிறுவனமே கொடுத்த தனித்தனித் தடங்கள் இருக்கும்: குரல் தனி, டிரம் தனி, சிந்த் (மின்னணுக் கீபோர்டு ஒலி) தனி. குரலை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மொத்தமாகத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு ரீமிக்ஸ் பாட்டின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்கு, ஆஷா போஸ்லேவைப் போற்றி கார்னர்ஷாப் என்ற பிரிட்டிஷ் குழு செய்த 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' நல்ல சாட்சி. 1997இல் வந்த மூல வடிவம் நிதானமாகப் போகும், பிரிட்டன் பட்டியலில் 60ஆம் இடத்தோடு நின்றது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் நமக்குத் தெரிந்த நார்மன் குக் அதன் வேகத்தையும் சுருதியையும் ஏற்றி, கீழே கனமான டிரம்ஸ் வைத்தார். 1998 பிப்ரவரியில் அது முதலிடம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; ரீமிக்ஸுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

டப் மிக்ஸ் எனக்குப் பிடித்த வகை, புதியவர்கள் கண்டுகொள்ளாமல் விடுகிற வகையும் அதுதான். குரலை எடுத்துவிட்டு, அங்கங்கே ஒரு சொல்லை மட்டும் எக்கோவில் மிதக்கவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் நிறுத்துவது. 1960களின் கடைசியில் ஜமைக்காவில் முளைத்த வழக்கம். அங்கே தெருவில் பாக்ஸ் அடுக்கிப் பாட்டுப் போடும் குழுக்களுக்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டில்லாத தடத்தைப் போட்டுவிட்டு மேலே ஆள் மைக்கில் பேசுவார். கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள். நம்முடைய நிகழ்ச்சிகளில் மைக் ஆள் இல்லாமல் எது நடக்கிறது? மாப்பிள்ளை, பொண்ணு பெயரைச் சொல்லி அழைக்கிற நேரத்தில் பின்னால் ஓட டப் மிக்ஸைவிடத் தோதானது இல்லை.

இன்ஸ்ட்ருமென்டல் என்றால் குரல் சுத்தமாக இல்லாதது. அகாபெல்லா என்றால் குரல் மட்டும். ஒன்றின் அகாபெல்லாவை இன்னொன்றின் இன்ஸ்ட்ருமென்டல் மேல் ஏற்றினால் மேஷப். விஐபி என்பது இசையமைத்தவரே தன் பாட்டை மறுபடி பிரித்துக் கட்டியது. டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப் பக்கம் அதிகம் பார்க்கலாம். பெரும்பாலும் மூலத்தைவிட முரட்டுத்தனமாக இருக்கும். எடிட் என்றால் இருக்கிற பதிவையே வெட்டி, ஒட்டி, சுற்றவிட்டு வரிசையை மாற்றியது. பூட்லெக் என்றால் யாரையும் கேட்காமல் செய்த ரீமிக்ஸ். ஃப்ளிப், ரீஃபிக்ஸ், ரீவொர்க் எல்லாம் இவற்றின் சுற்றத்தார். எல்லைக்கோடு யாருக்கும் தெளிவாகத் தெரியாது, அதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். க்ளீன் என்று போட்டிருந்தால் கெட்ட வார்த்தை நீக்கியது. ஆங்கிலம்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். காதுகுத்து வீட்டில் பெரியப்பாவுக்குப் புரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கல்லூரிப் பெண் சிரித்துவிடுவாள்.

ஏமாற்றும் வால்கள்

ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'மிக்ஸ்டு' என்று ஒரு வால் பார்ப்பீர்கள். அது ஏதோ ஒரு டிஜே நிறுத்தாமல் கலந்து போட்ட செட்டிலிருந்து துண்டு போட்டது. தொடக்கத்தில் முந்தைய பாட்டின் வால் கேட்கும், முடிவில் அடுத்த பாட்டின் தலை கேட்கும். கலப்பதற்கு உதவாது. ரீமாஸ்டர் என்றால் அதே கலவையை ஒலியளவும் தெளிவும் சரிசெய்து மறுபடி வெளியிட்டது. புது வடிவம் என்று எண்ணி இரண்டாவது முறை காசு கொடுக்காதீர்கள். வேகம் ஏற்றிய ஸ்பெட்-அப், வேகம் குறைத்து எதிரொலி சேர்த்த ஸ்லோடு ரெவெர்ப் இரண்டும் ரீல்ஸுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வேகத்தோடு சுருதியும் நகர்ந்திருப்பதால் மற்றப் பாட்டுகளோடு சேராமல் போகலாம். யூடியூபில் 'எக்ஸ்டெண்டட்' என்று யாராவது போட்டிருப்பது பல நேரம் ரேடியோ எடிட்டையே இரண்டு சுற்று ஓடவிட்டது. முதல் நொடியிலேயே மெட்டு கேட்டால் சந்தேகப்படுங்கள்.

வாங்குவதும் சோதிப்பதும்

டிஜேக்களுக்கான இணையக் கடையான பீட்போர்ட்டில் ஒரு பாட்டைத் தேடினால் அதன் வடிவங்கள், நிமிடம், பிபிஎம், சுருதி எல்லாம் வரிசையாக வரும். வாங்காவிட்டாலும் அதை ஒரு அகராதி மாதிரி பயன்படுத்தலாம். பேண்ட்கேம்பில் கலைஞர்கள் நேரடியாக விற்பார்கள்; விஐபி, டப் போன்றவை அங்கே அதிகம் கிடைக்கும். சவுண்ட்கிளவுடில் பலர் தங்கள் எடிட்டை இலவசமாகவே இறக்கவிடுவார்கள். மாதச் சந்தா கட்டி இறக்கும் ரெக்கார்ட் பூல்களில் இன்ட்ரோ (தொடக்கத்தில் தாளம் சேர்த்தது), க்ளீன், டிரான்சிஷன் (நடுவில் வேகம் மாறுவது) வடிவங்கள் தயாராகக் கிடைக்கும். வாரந்தோறும் நிகழ்ச்சி இருப்பவருக்கு லாபம், மற்றவருக்குத் தண்டம். வெளிநாட்டுத் தளத்தில் பணம் போகவில்லையென்றால் பதற வேண்டாம். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பல நேரம் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்து, சின்னதாக ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த ஃபைலைச் சோதிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டை அதற்குள் இழுத்துப் போட்டால் வண்ணப்படம் வரும். நல்ல 320 கேபிபிஎஸ் (ஃபைலின் தர அளவு) எம்பி3 என்றால் ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை நிறம் ஏறும். 16 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் கத்தியால் வெட்டியது போல நின்றால், அது 128இல் இருந்ததை 320 என்று பெயர் மாற்றியது. வீட்டு ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது. திறந்த வெளியில் டாப் (மேல் ஒலிக்கான பாக்ஸ்) ஏற்றிவைத்தால் ஹை-ஹாட் எல்லாம் 'ஷ்ஷ்' என்று தண்ணீர் ஓடுகிற மாதிரி கேட்கும்.

இன்னொரு சோதனையையும் செய்யுங்கள். தெரு நிகழ்ச்சிகளில் பல சவுண்ட் செட்டுகள் மோனோவில்தான் ஓடுகின்றன, இரண்டு பக்கமும் ஒரே சிக்னல் போகும். ஸ்டீரியோவில் அகலமாகப் பரத்திச் செய்த சிந்த் மோனோவில் ஒன்றையொன்று தின்று மெலிந்துவிடும். மென்பொருளில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். ஒரு ரீமிக்ஸில் முக்கிய மெட்டே காணாமல் போனால் அதே பாட்டின் வேறு வடிவத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

குத்துக்கு மாறும் இடம்

எவ்வளவு நல்ல ஹவுஸ் செட் போட்டாலும் தண்டையார்பேட்டை மண்டபத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் ஒருவர் வந்து, "அண்ணே, ஒரு குத்துப் போடுங்க" என்பார். போட்டுத்தான் ஆக வேண்டும். சிக்கல் தாளத்தில் இருக்கிறது. டப்பாங்குத்து, சாவு மேளம், பல கானாப் பாட்டுகள் திஸ்ர நடை: ஒரு அடிக்குள் மூன்று தட்டு, தகிட தகிட. ஹவுஸும் டெக்னோவும் சதுஸ்ரம், தகதிமி தகதிமி. பிபிஎம் ஒன்றாக இருந்து கிக் மேல் கிக் சரியாக விழுந்தாலும், இடையில் மூன்றும் நாலும் மோதிக் காது கூசும். போதாக்குறைக்கு, மென்பொருள் திஸ்ரத்தின் வேகத்தை அடிக்கடி தப்பாகக் கணிக்கும், ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டாகவோ காட்டும். ஆகவே குத்துப் பாட்டுகளுக்கு நீங்களே கையால் தட்டி பிபிஎம்மைத் திருத்திவிடுங்கள்.

மாறுவதற்கு டப் மிக்ஸும் எக்ஸ்டெண்டட் மிக்ஸின் வாலும் கைகொடுக்கும். ஹை-ஹாட்டும் ஷேக்கரும் விலகிக் கிக் மட்டும் நிற்கிற இடத்தைத் தேடி அந்த எட்டு பார் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றும்படி லூப் போடுங்கள். ஹை குமிழை இறக்குங்கள். வெறும் கிக்குக்கு மூன்றும் கிடையாது, நாலும் கிடையாது. அதன்மேல் தவிலோ பறையோ ஏறினால் உறுத்தாது. குத்து நன்றாகப் பிடித்தவுடன் கிக்கை வெட்டிவிடுங்கள். அப்படி ஒரு இடமே கிடைக்காத பாட்டு என்றால், எக்கோ போட்டு நிறுத்திவிட்டு மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிப் புதிதாகத் தொடங்குவதே மரியாதை.

நீங்களே ஓர் இன்ட்ரோ எடிட்

தமிழ்ப் பாட்டுகளுக்கு எக்ஸ்டெண்டட் மிக்ஸ் கடையில் கிடைப்பது அரிது. செய்துகொள்ள வேண்டியதுதான், ஒலியை வெட்டி ஒட்டும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியே போதும். பாட்டில் தாளம் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்றைத் தேடுங்கள், பெரும்பாலும் பல்லவிக்கு முன்போ இடையிசையிலோ இருக்கும். நாலு பார் கிடைத்தால் நல்லது, இரண்டு கிடைத்தாலும் சமாளிக்கலாம். பெரிதாக்கிப் பார்த்து, முதல் அடி எழும்புகிற புள்ளியிலிருந்து அடுத்த சுற்றின் முதல் அடிக்கு முந்தைய புள்ளி வரை தேர்ந்தெடுத்து, இசட் விசையை அழுத்துங்கள். வெட்டு பூச்சியக் கோட்டுக்கு நகரும், 'டிக்' சத்தம் வராது. அதை நகலெடுத்துப் பாட்டின் தலையில் ஒட்டி, ரிப்பீட் எஃபெக்டில் 16 பார் ஆகும்வரை பெருக்குங்கள். பாட்டின் கடைசியிலும் அதையே ஒட்டிக்கொள்ளலாம். வேவ் ஃபைலாக ஏற்றுமதி செய்து, பெயருக்குப் பின்னால் இன்ட்ரோ எடிட் என்றும் பிபிஎம்மையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எது எது என்று தெரியாது.

பழைய பாட்டுகளில் கவனம். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான பாட்டில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். தொடக்கத்தில் 118 இருந்தது சரணத்தில் 121 ஆகியிருக்கும். வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பி நீளமாகக் கலக்காதீர்கள். இன்ட்ரோவை முதல் சில பார்களின் வேகத்துக்குச் செய்து, குரல் வந்ததும் பழைய பாட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உரிமையும் பத்து மணியும்

பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மதச் சடங்குகளுக்கும் திருமண ஊர்வலத்துக்கும் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் பாட்டுப் போட விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சி, ஹோட்டல் பார்ட்டி என்றால் கதை வேறு. பாட்டு உரிமையாளர்கள் சார்பில் கட்டணம் வாங்கும் ஐபிஆர்எஸ், பிபிஎல் அமைப்புகளிடம் உரிமம் எடுத்திருக்கிறார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் எடிட்டையும் பூட்லெக்கையும் இணையத்தில் ஏற்றுவதற்கு அந்தத் திருமண விலக்கு செல்லாது. யூடியூபில் தானியங்கிச் சோதனையே பிடித்துவிடும்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்கு விதிவிலக்கு உண்டு, தெருவுக்குக் கிடையாது. ரேடியோ எடிட்டை முழுக்கத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒன்பதரைக்கு மேல் விருப்பப் பாட்டுகள் வரிசை கட்டி நிற்கும்போது ஏழு நிமிட எக்ஸ்டெண்டட் மிக்ஸ் போட்டால் நாலு பேர் ஆசைதான் நிறைவேறும். குட்டை வடிவம் என்றால் எட்டு ஒன்பது பேரைத் திருப்திப்படுத்தலாம். ஒரே பாட்டின் இரண்டு வடிவமும் பென் டிரைவில் அடுத்தடுத்து வரும்படி பெயர் வையுங்கள்: பாட்டு, வால், நிமிடம், பிபிஎம். இரண்டாவது பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, எல்லாவற்றையும் எம்பி3யாக அதில் போட்டுவையுங்கள். லேப்டாப் படுத்துக்கொண்டால் ஆம்ப்பில் இருக்கிற யூஎஸ்பி துளைதான் மிச்சம், அவற்றில் பலவும் வேவ் ஃபைலைப் படிப்பதில்லை.